சோதனைக்கு விலக்கு பெற்ற பால் பவுடர்

2008 ஜூலையில் சீனாவின் கான்சு மாகாணத்து மருத்துவர்கள் திகைத்துப்போனார்கள். கைக்குழந்தைகளின் சிறுநீரகத்தில் கற்கள்! அந்தக் குழந்தைகள் குடித்து வந்தது சான்லு நிறுவனத்தின் பால் பவுடர்.

 உணவில் கலக்கும் நிறமாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணையும் நாக்கையும் ஆய்வுக்கூடத்தையும் சேர்த்து ஏமாற்றிய வேதிப்பொருள் ஒன்று உண்டு: மெலமைன்.

உடையாத தட்டுகள் செய்யும் பிசினுக்கு மூலப்பொருள் அது. அதை ஏன் பாலில் கலந்தார்கள்? விடை, பாலைச் சோதிக்கும் முறையிலேயே இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் பாலில் புரதம் குறையும். ஆனால் வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. 1883-ல் டென்மார்க்கின் யோஹான் கெல்டால் வகுத்த முறைப்படி, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுவார்கள். புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம். மெலமைனில் 66 சதவீதம். தண்ணீர்ப் பாலில் கொஞ்சம் மெலமைன் சேர்த்தால் போதும், சோதனைத் தாளில் புரதம் சரியாக இருக்கும். குழந்தையின் உடலில் அதே மெலமைன் யூரிக் அமிலத்தோடு சேர்ந்து கல்லாகிவிடும்.

எச்சரிக்கை இல்லாமல் வந்த ஆபத்தல்ல இது. 2007-லேயே, சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் இருந்ததால் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் செத்தன. அதன்பிறகும் பாலில் யாரும் அதைத் தேடவில்லை. போதாக்குறைக்கு, நல்ல பெயர் வாங்கிய நிறுவனங்களுக்குச் சீன அரசு ‘சோதனை விலக்கு’ கொடுத்திருந்தது. சான்லுவும் அந்தச் சலுகையைப் பெற்றிருந்தது.

உண்மை தெரிந்த பிறகு நடந்தது அதைவிடக் கொடுமை. சான்லுவில் 43 சதவீதப் பங்கு வைத்திருந்த நியூசிலாந்தின் ஃபான்டெரா நிறுவனத்துக்கும், சான்லு இயங்கிய ஷிஜியாஜுவாங் நகரத்தின் நிர்வாகத்துக்கும் ஆகஸ்ட் 2-ஆம் தேதியே விஷயம் தெரிந்துவிட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்க ஆறு நாள்தான் இருந்தது. நகர நிர்வாகம் தன் மாகாண அரசுக்குத் தகவல் சொன்னது செப்டம்பர் 9-ஆம் தேதி. அதுவும் நியூசிலாந்து அரசு பெய்ஜிங்குக்கு நேரடியாகத் தெரிவித்த பிறகு. செப்டம்பர் 11-ஆம் தேதி ஷாங்காய் நாளிதழ் ஒன்றின் நிருபர் ஜியான் குவாங்ஜோ, நிறுவனத்தின் பெயரைத் துணிந்து எழுதினார். அதுவரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தாய்மார்கள் அதே பவுடரைத்தான் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அரசுக் கணக்குப்படியே 6 குழந்தைகள் இறந்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. சோதனை விலக்கு ரத்தானது. 2009-ல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் பாதிக்கப்பட்ட பெற்றோரைத் திரட்டிய ஜாவ் லியன்ஹாய்க்கு, அவருடைய மகனும் பாதிக்கப்பட்டவன்தான், 2010-ல் கிடைத்தது இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை. பொது ஒழுங்கைக் குலைத்தாராம்!

தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது கண்காணிப்பு ஆகாது. பெரிய நிறுவனம் என்று விலக்குத் தராமல் சோதிப்பதும், பட்டியலில் இல்லாத நஞ்சையும் தேடுவதும், கண்டதை அன்றைக்கே மக்களுக்குச் சொல்வதும்தான் கண்காணிப்பு.

2008 செப்டம்பரில் சீனப் பால் பொருட்களுக்கு இந்தியா தடை விதித்தது. நல்லது. ஆனால் நம் நாட்டில் பாலில் யூரியா கலப்பவர்கள் கையாள்வதும் இதே நைட்ரஜன் தந்திரம்தான். நம் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்கிய உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கும் உரிமையை நுகர்வோருக்கே தருகிறது. பொருளை வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், கட்டணம் உண்டு, குறை நிரூபணமானால் அது திரும்பக் கிடைக்கும். சந்தேகம் வந்தால் புலம்பிக்கொண்டு இருக்காதீர்கள். இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.