ஓடும் வீட்டுக்கு ஒரு கோடியா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் ஊர்ப் பழமொழி. வீட்டை நாலு சக்கரத்தின் மேல் கட்டி, ஊர் ஊராக ஓட்டிப் பார்த்தவர்களும் உலகத்தில் உண்டு!

உள்ளே அடுப்பு இருக்கிறது. அலமாரி இருக்கிறது. மேஜையை மடக்கி இருக்கையை நீட்டினால் படுக்கை தயார். இன்று மலையடிவாரத்தில் நிறுத்தினால் அதுதான் வீடு. நாளை கடற்கரையில் நிறுத்தினால் அங்கேயும் அதே வீடு!

இப்படிப்பட்ட வண்டிக்கு "கேம்பர் வேன்" என்று பெயர். இந்த இனத்தில் உலகப் புகழ் பெற்றது, ஜெர்மனியின் போக்ஸ்வேகன் வேன். உருண்டை முகம், இரண்டாகப் பிரிந்த முன் கண்ணாடி, வட்ட விளக்குகள். ஜெர்மானியர்கள் இதைச் செல்லமாக "புல்லி" என்பார்கள். பிரேசில் நாட்டில் இது "கோம்பி".

ஒரு காலத்தில் கையில் காசில்லாதவர்கள் வாங்கிய வண்டி இது. இன்று காசுள்ளவர்களும் விலையைக் கேட்டுவிட்டு யோசிக்கிறார்கள். இது எப்படி நேர்ந்தது?

நோட்டுப் புத்தகத்தில் பிறந்தது

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். ஓல்ப்ஸ்பர்க் நகரில் இருந்த போக்ஸ்வேகன் தொழிற்சாலை, பிரிட்டிஷ் ராணுவத்தின் மேற்பார்வையில் இருந்தது. தொழிற்சாலைக்குள் சாமான்களைக் கொண்டு போவதற்காக, காரின் அடிச்சட்டத்தின் மேல் பலகைத் தளம் பொருத்தி ஒரு வண்டி செய்து வைத்திருந்தார்கள்.

பென் பான் என்ற ஹாலந்து தேசத்துக் கார் வியாபாரி அதைப் பார்த்தார். அவர் மனத்தில் ஒரு யோசனை உதித்தது. 1947 ஏப்ரல் 23 அன்று தம் நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் போட்டார். படத்தில் இருந்தது ஒரு பெட்டி, அவ்வளவுதான். டிரைவர் முன்கோடியில், என்ஜின் பின்கோடியில், நடுவில் உள்ள இடமெல்லாம் சரக்குக்கு!

சிறு பிள்ளை கிறுக்கியது போன்ற அந்தப் படம், இன்று ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூசியத்தின் சொத்து.

1950 மார்ச்சில் வேன் உற்பத்தி தொடங்கியது. அப்போது அதன் என்ஜினுக்கு 25 குதிரை சக்திதான். வேகம் கிடையாது. ஆனால் சிறு வியாபாரிக்கும் கைத்தொழில் செய்பவருக்கும் கட்டுப்படியாகும் வண்டியாக இருந்தது.

அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி ஒரு நல்ல உபாயம் செய்தது. வேனுக்குள் வைக்கவும், வேண்டாதபோது வெளியே எடுக்கவும் வசதியாக, படுக்கையும் அலமாரியும் சேர்ந்த மரச் சாமான்களைத் தயாரித்தது. வாரம் முழுவதும் சரக்கு ஏற்றும் வண்டி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றும் வீடாக மாறிற்று. ஒரே செலவில் இரண்டு காரியம்!

கண்ணீர் விட்ட வண்டி

1960-களில் அமெரிக்காவில் இந்த வேன்கள் செகண்ட் ஹாண்டாக மலிவு விலைக்குக் கிடைத்தன. ஹிப்பி இளைஞர்கள் வாங்கினார்கள். பூவும் சூரியனும் வரைந்தார்கள்.

ஐரோப்பிய இளைஞர்கள் பலர் இதே வேன்களில் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக நம் நாட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். 1979-ல் ஈரானில் புரட்சி நடந்தது. ஆண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்தது. அந்த நெடும்பாதை அதோடு அடைபட்டது.

ஹிப்பிகளின் அபிமான இசைக் கலைஞர் ஜெரி கார்ஸியா 1995-ல் காலமானார். அப்போது போக்ஸ்வேகன் கம்பெனி ஒரு விளம்பரம் வெளியிட்டது. வேனின் படம், அதன் முன்விளக்கிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர்! வண்டி அழுவதைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முகம் இருப்பதாகவே ஜனங்கள் நினைத்துப் பழகியிருந்தார்கள்.

விலை ஏறிய கதை

முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த பழைய வேனை, ஜெர்மனி 1967-ல் நிறுத்திவிட்டது. அதற்கு அடுத்த மாடல் அங்கே 1979 வரை வந்தது. பிரேசிலில் மட்டும் 2013 டிசம்பர் வரை உற்பத்தி நடந்தது. 2014 முதல் புதுக் கார்களில் காற்றுப் பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தது. பழைய உடம்பில் புது உறுப்புகளைப் பொருத்த முடியவில்லை. கடைசியாக 600 வண்டிகள் மட்டும் விசேஷமாகத் தயாரிப்பதாக அறிவித்தார்கள். கிராக்கியைப் பார்த்து அதை 1,200 ஆக்கினார்கள்.

2011-ல் அமெரிக்காவில் ஓர் ஏலம் நடந்தது. 1963-ம் ஆண்டு வேன் ஒன்று, 23 ஜன்னல்கள் கொண்டது, 2,17,800 டாலருக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் இது கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய்! அது பிரயாணிகள் வேன், கேம்பர் அல்ல. ஆனால் அண்ணன் விலை ஏறினால் தம்பி விலை சும்மா இருக்குமா?

விலை ஏற வேறு காரணங்களும் உண்டு. முதல் எதிரி துரு. மழையும் பனியும் நிறைந்த நாடுகளில் பெரும்பாலான வண்டிகளைத் துரு தின்றுவிட்டது. மிஞ்சியவற்றைச் சீர் செய்ய டிங்கர் வேலை மட்டுமே நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். அங்கே கூலியோ அதிகம்.

அரசாங்கச் சலுகையும் ஒரு காரணம். ஜெர்மனியில் 30 வயதைக் கடந்து நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு, விசேஷ நம்பர் பலகையும் வரிச் சலுகையும் கிடைக்கும். பிரிட்டனில் 40 வயதைக் கடந்தால் சாலை வரி கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே, இளமை நினைவு! அன்று பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டு போன குழந்தைகள், இன்று பணம் சேர்த்த பெரியவர்கள்.

வாங்குவோர் கவனிக்க

விலை ஏறும் இடத்தில் பித்தலாட்டமும் ஏறும். சாதாரண வேனின் கூரையை வெட்டி, ஜன்னல் வைத்து, "23 ஜன்னல்" என்று விற்பவர்கள் உண்டு. எனவே அடிச்சட்டத்து எண்ணைப் பதிவுச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். பளபளக்கும் பெயின்ட்டை நம்பக் கூடாது. கீழே குனிந்து, கதவடிச் சட்டத்தையும் சக்கர வளைவுகளையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். இந்த என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டாம். காற்றே அதைக் குளிர்விக்கும். ஆனால் சூடான என்ஜினுக்கு அருகிலேயே பெட்ரோல் குழாய் செல்கிறது. ரப்பர் குழாய் இற்றுப் போனால் தீப்பற்றும். என்ஜின் கூட்டில் மக்னீஷியம் கலந்திருப்பதால் அணைப்பதும் கஷ்டம். அற்ப விலைக் குழாயை மாற்றாததால் லட்சங்கள் சாம்பலாகலாம்!

லாபமா, நஷ்டமா?

விலை ஏறியதில் ஒரு நன்மை இருக்கிறது. மலிவாகக் கிடைத்த காலத்தில் இந்த வண்டிகளைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டார்கள். இன்று வயலோரத்தில் துருப்பிடித்துக் கிடப்பதைக்கூடத் தேடிப் பிடித்து உயிர் கொடுக்கிறார்கள்.

ஆனால் நஷ்டம் யாருக்கு? வாடகை கொடுத்து விடுதியில் தங்க முடியாத குடும்பம் ஊர் சுற்றப் போனது இந்த வண்டியில்தான். அந்தக் குடும்பத்துக்கு இது இன்று எட்டாக் கனி. வாங்கியவர்களில் சிலரோ, மழை பட்டால் துருவேறும் என்று ஷெட்டில் பூட்டி வைக்கிறார்கள்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பெருந்தீ மூண்டது. சுற்றிலும் வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, நீல நிற வேன் ஒன்று மட்டும் நின்றது. 1977-ம் ஆண்டு வண்டி. அந்தப் புகைப்படம் உலகம் முழுவதும் பரவியது. அதைக் கண்டு ஆறுதல் அடைந்தவர்கள், அதன் விலையை நினைத்தா ஆறுதல் அடைந்தார்கள்?

ஏலக்காரரின் சுத்தியல் இந்த வண்டிக்கு ஒரு விலையைச் சொல்லும். ஆனால் அதன் உண்மையான மதிப்பு, மலைச் சாலையில் மெல்ல முனகிக்கொண்டு ஏறும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் சிரிப்பில் அல்லவா இருக்கிறது! வைத்திருப்பவர்கள் அதை ஓட்ட வேண்டும். அதுதான் அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதை.