விளையாட்டும் மாணவியரின் கணிதத் தேர்ச்சியும்

விளையாட்டில் ஈடுபடுவதால் மாணவியரின் கணித மதிப்பெண் குறையுமா, கூடுமா என்பது கல்வியியலில் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வரும் கேள்வியாகும்.

தமிழ்நாட்டுச் சூழல்

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளை கணக்கு வகுப்பாக மாறுவது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பழகிப்போன ஒன்று. அந்தப் பாடவேளையைக் கடன் வாங்க வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். இந்த இழப்பு மாணவியருக்கே அதிகம். பெரிய காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில், பள்ளி விட்டதும் வீட்டு வேலைக்கும் தார் சுற்றுவதற்கும் கைகொடுக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. பூப்பெய்திய பின் தெருவில் ஆடுவதும் நின்றுவிடும். அவர்களுக்குப் பள்ளித் திடலே எஞ்சியிருக்கும் ஆடுகளம்.

வளரிளம் பருவத்தினர் நாள்தோறும் 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் அந்த அளவை எட்டாதவர்கள் உலக அளவில் சிறுவரில் 78 விழுக்காடு, சிறுமியரில் 85 விழுக்காடு.

ஆய்வுகள்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1970களில், தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பாட நேரத்தைக் குறைத்து நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதல் உடற்கல்வி அளிக்கப்பட்டது. பாட நேரம் குறைந்தும் அவர்கள் கணிதத்தில் பின்தங்கவில்லை. 2008இல் வெளிவந்த ஒரு மீளாய்வும் இதே முடிவுக்கு வந்தது. பிரிட்டனில் ஏறத்தாழ 5,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 11 வயதில் சுறுசுறுப்பாக இருந்தவர்கள் பின்னாளில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் தேர்வுகளில் சற்றுச் சிறந்து விளங்கியதைக் கண்டது. எனினும் சிறுமியரிடம் அறிவியலில்தான் இத்தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

காரணங்களும் வரம்பும்

உடலியக்கத்துக்குப் பின் கவனம் கூர்மையடைகிறது. பந்தின் பாதையையும் தொலைவையும் கணிக்கும் பழக்கம், உருவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறனோடு தொடர்புடையது. வடிவியலுக்கு இத்திறன் உதவும். ஆனால் விளையாடினால் மட்டும் கணக்கு வந்துவிடாது. வசதியும் ஊக்கமும் உள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகம் விளையாடுவதும் இத்தொடர்புக்கு ஒரு காரணமாகலாம். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் சதுரங்கம் கற்பித்துச் செய்த சோதனையில், ஓராண்டுக்குப் பின் கணித மதிப்பெண் உயரவில்லை (2016).

எனவே, விளையாட்டு கணித மதிப்பெண்ணை உயர்த்தும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் விளையாட்டு நேரத்தைப் பறித்தால் மதிப்பெண் உயரும் என்ற நம்பிக்கைக்கும் இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.