உல்லாசப் பயணிகளும் மலை விலங்குகளும்

தணிக்கையின் நிமித்தம் அண்மையில் பழனி மலைக்குச் சென்றிருந்தேன். கொண்டை ஊசி வளைவொன்றில் பேருந்து நின்றது. பயணிகள் பழமும் பிஸ்கட்டும் வீசினர். குரங்குகள் சிறிதும் அஞ்சாமல் ஓடிவந்து பொறுக்கின. உடனிருந்த மலைவாழை விவசாயி ஒருவர், "ஐயா, இங்கே தின்று பழகியவை நாளை என் தோப்புக்கு வரும், காவலுக்கு நான் ஒருவன்தானே" என்றார்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. இலையும் கனியும் பூச்சியும் தேடிக் காட்டில் திரியவேண்டிய குரங்கு, உணவு எளிதில் கிடைப்பதால் சாலையோரத்திலேயே தங்கிவிடுகிறது. மனிதனைப் பற்றிய அச்சமும் அதைவிட்டு நீங்குகிறது.

இதற்கு நேர்மாறான விளைவும் உண்டு. ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டிய ஆய்வொன்று 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனித நடமாட்டம் மிகுந்த இடங்களில் விலங்குகள் பகல் நடமாட்டத்தைக் குறைத்து இரவில் மிகுதியாகத் திரிகின்றன என்பது அதன் முடிவு. வேட்டைக்காரருக்கு மட்டுமன்று, வெறுமனே மலையேறி உலாவுவோருக்கும் அவை அவ்வாறே ஒதுங்குகின்றன.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவில், வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் பயணிகளை அனுமதிப்பதில்லை. மற்றக் காலங்களிலும் இராஜமலைப் பகுதியை மட்டுமே பயணிகளுக்குத் திறந்துவைக்கின்றனர்.

நம் நெசவாள அங்கத்தினர்கள் குடும்பத்துடன் மலைக்குச் செல்லும்போது விலங்குகளுக்கு எதுவும் கொடுக்கலாகாது. குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். மலைச் சங்கங்கள், குரங்குக்கென்று பழம் விற்பதில்லை என அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்கலாம். ஒருவர் பொழுதுபோக்கு மற்றவர் விளைச்சலை அழிக்காதிருப்பதும் கூட்டுறவே.