வேலைக்காரியின் நியாயம்

மானிட சமத்துவம் இறைவனிடமிருந்தே தோன்றியது என்பதற்கு நாம் வழக்கமாக ஆதியாகமம் 1:27ஐ எடுத்தாளுகிறோம். பண்டைய எகிப்தில் தெய்வச்சாயல் மன்னனுக்குரிய சிறப்பாயிருக்க, திருமறை அதனை ஆண், பெண் யாவருக்கும் உரித்தாக்கிற்று. பாவத்தால் அச்சாயல் முற்றிலும் அழிந்ததென்போர் 9:6ஐயும் நோக்குவார்களாக.

ஆயினும், கூலி கொடுக்குமிடத்தில் இவ்வுண்மை என்னவாகிறது என்பதை ஆராய யோபு 31:13-15 நமக்கு இன்னும் ஏற்றது. வேலைக்காரி தம்மோடு வழக்காடியபோது அவளது நியாயத்தைத் தாம் தள்ளவில்லை என்கிறார் யோபு. அவர் காட்டும் காரணம் இரக்கமன்று. தம்மைக் கருவில் உருவாக்கியவரே அவளையும் உருவாக்கினார் என்பதே. ‘நியாயம்’ என நாம் வாசிக்கும் எபிரேயச் சொல்லாகிய ‘மிஷ்பாத்’ வழக்கு, தீர்ப்பு, உரிமை என்னும் பொருள்களையும் தரும். யோபு அடிமைகளை உடையவரே. அம்முறையை அவர் ஒழித்தாரில்லை. எனினும், எஜமானுக்கு எதிராகவே அவளுக்கு உரிமையுண்டென்று ஒப்புக்கொண்டார்.

பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளையும் இனி நோக்குவோம். 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் இங்கே ‘சுமங்கலித் திட்டம்’ பரவிற்று. ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்கள், அவர்களுள் தலித் பெண்கள் பலர், தரகர் மூலம் அழைத்துவரப்பட்டு ஆலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். ஏறத்தாழ மூன்றாண்டு முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும் என்பது வாக்கு. நோயுற்று இடையிலே வீடு திரும்பியோர் பலர் அதனை இழந்தனர். அப்பணம் அவர்கள் உழைத்த கூலியில் நிறுத்திவைத்த பகுதியே. பெயரோ, திருமணத்திற்கு முதலாளி ஈந்த கொடைபோல் ஒலித்தது. வரதட்சணையை 1961லேயே சட்டம் தடைசெய்ததைப் பெயரிட்டவர்கள் மறந்தனர் போலும்!

கூலியை விடியுமட்டும் வைத்திருத்தலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. மூன்றாண்டு வைத்திருப்பதை என்னென்பது? குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு விலக்கும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்சநீதிமன்றம், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. 1984இல் பஞ்சப்படி கோரி 127 நாள் வேலைநிறுத்தம் செய்த திருப்பூர்த் தொழிலாளரும் வழக்காடினோரே. ஆனால், விடுதிக்குள் அடைபட்ட பெண்ணுக்குச் சங்கத்தின் வாயில் எளிதில் திறப்பதில்லை.

ஆகையால், தம் சபையிலிருந்து ஒரு பெண் ஆலைக்குச் செல்கிறாள் என்று அறியும் ஆயர், வழியனுப்பும் ஜெபத்தோடு சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும்: அவள் வயதென்ன? மாதந்தோறும் கூலி அவள் கையில் சேருமா? சேமநிதியில் அவள் பெயர் உண்டா? விடுமுறையில் தடையின்றி வெளியே வர இயலுமா? இல்லையென்றால், தொழிலாளர் துறை அலுவலகத்திற்கு அவளோடு யார் செல்வது?