நிழற்கன்றும் நிறைந்துவரும் காபனீரொட்சைட்டும்

புவாண்ட்-கிளேரின் தெரகோட்டா இயற்கைப் பூங்காவில் கோடையில் உலவும்போது, பெருமரங்களின் அடியில் இளங்கன்றுகள் அரையிருளில் நிற்பதை நாம் காண்கிறோம். மேலே இலைகள் அசைய, வெயில் பொட்டாக விழுந்து சில விநாடிகளில் மறைகின்றது. அடர்ந்த காடுகளில் நிழற்செடிகள் பெறும் ஒளியில் பெரும்பங்கு இப்பொட்டுகளாலேயே கிடைக்கின்றது.

ஆயினும் வெயில் பட்டவுடன் இலை விழித்துக்கொள்வதில்லை. காபனீரொட்சைட்டைப் பற்றும் ரூபிஸ்கோ என்னும் நொதியம் முழுமையாக இயங்கச் சில நிமிடங்கள் செல்லும். இலைவாய்கள் திறப்பதற்கு இன்னும் கூடுதலான நேரம் வேண்டும். அதற்குள் வெயில் கடந்துவிடும்.

1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு வளியில் ஏறத்தாழ 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது; இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. வாயு செறிவாக இருந்தால், அரைகுறையாகத் திறந்த இலைவாய் ஊடாகவும் போதியளவு உட்புகும். ஒட்சிசன் குறுக்கிடுவதால் நேரும் இழப்பும் குறையும். எனவே அதே வெயிற்பொட்டில் கன்றின் ஒளித்தொகுப்பு பெருகுகின்றது.

இதனைக் கேட்டு மகிழ்ந்துவிடலாமா? நைதரசன் குறைந்த மண்ணில் இவ்வூதியம் நீடிப்பதில்லை. வெப்பமும் வறட்சியும் அதனைப் பறித்துக்கொள்ளவும் கூடும். மேலும், செறிவு மிகுந்த வளியில் விளைந்த நெல்லிலும் கோதுமையிலும் புரதம் குறைவதை வயற்பரிசோதனைகள் காட்டியுள்ளன. எங்கு வாழ்ந்தாலும் சோற்றை விடாத நமக்கு இது சிறு செய்தியன்று. காபனீரொட்சைட்டு பயிருக்கு உணவுதான்; அதனால் விளையும் உணவின் தரத்தையும் நாம் பார்க்கவேண்டும்.