ஊரடங்கும் சட்டமும் – 9: பெருங்களத்தூரோடு நின்ற உத்தரவு

2020-ல் தாம்பரத்துக்காரர்கள் இரண்டு எல்லைகளுக்குள் வாழ்ந்தார்கள். பட்டா, வருமானச் சான்றிதழ் என்றால் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டமே 2019 நவம்பர் 29-ல்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து வந்தது. காவல் நிலையம் என்றால் சென்னைப் பெருநகரக் காவல் ஆணையரகம். சாதாரண நாளில் இது யாருக்கும் உறைக்காது. மதுக்கடைகளைத் திறக்கும் உத்தரவு வந்த வாரத்தில்தான் உறைத்தது.

போன வாரம் திருமண மண்டபங்களின் முன்பணத் தகராறுகளைப் பார்த்தோம். அதே மண்டபங்கள் சிலவற்றில், ஊரடங்கு தொடங்கியதும், டாஸ்மாக் பாட்டில்கள் பெட்டி பெட்டியாகப் போய் உட்கார்ந்தன. பூட்டிய கடைகளை உடைத்துத் திருடுகிறார்கள் என்பதால் சரக்கை இடம் மாற்ற வேண்டியதாயிற்று. மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்திலேயே பலிகள் ஆரம்பித்துவிட்டன. செங்கல்பட்டில் மூன்று பேர் வார்னிஷைக் கலந்து குடித்துச் செத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மூன்று மீனவர்கள் ஷேவிங் லோஷனைக் குடித்து இறந்தார்கள். கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று ஓர் உத்தரவே போட்டது. ஏப்ரல் 2-ல் கேரள உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. குடிநோயை நோயாகப் பார்த்த அபூர்வமான அரசாணை அது. வழிமுறை தவறாக இருக்கலாம், கேள்வி சரியானது. இங்கே அந்தக் கேள்வியைக்கூட யாரும் எழுப்பவில்லை.

மே 1-ல் மத்திய உள்துறை அமைச்சகம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் வெளியிட்ட உத்தரவில் மதுக்கடைகளுக்கு வழிவிட்டது. ஆறடி இடைவெளி வேண்டும், கடையில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. மே 7 முதல் கடைகள் திறக்கும் என்று தமிழக அரசு அறிவித்தது. அதற்குச் சொன்ன காரணம் முக்கியமானது: ஆந்திராவும் கர்நாடகமும் திறந்துவிட்டன, எல்லை மாவட்டத்து மக்கள் அங்கே போய் வாங்குகிறார்கள், தடுப்பது கடினமாக இருக்கிறது. சென்னைப் பெருநகரக் காவல் எல்லைக்குள் மட்டும் கடைகள் மூடியே இருக்கும் என்றது அறிவிப்பு.

இந்த இடத்தில்தான் தாம்பரம் மாட்டியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், பீர்க்கன்காரணை என எல்லாம் ஆணையரின் எல்லை. பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்றால் மாவட்டக் காவல். ஒரே ஜி.எஸ்.டி. சாலை, ஒரே மின்சார ரயில் தடம். ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் வரிசை. மாநில எல்லையைத் தாண்டுகிறார்களே என்று கடையைத் திறந்த அரசு, புறநகருக்கு நடுவே தானே இன்னோர் எல்லையைப் போட்டது. சென்னையிலிருந்தும் ஆட்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வாங்கப் போனார்கள். தொற்று அதிகமுள்ள ஊரிலிருந்து குறைவான ஊருக்குப் போகும் வழியை அந்த உத்தரவே காட்டிக் கொடுத்தது. சென்னையை மூடி வைத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கோடு போட்டவர்கள் காவல் நிலைய வரைபடத்தைப் பார்த்தார்களே தவிர, மக்கள் தினமும் போய்வரும் தடத்தைப் பார்க்கவில்லை.

மே 7-ல் வயதுவாரியாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஐம்பதைக் கடந்தவர்கள் பகல் 1 மணி வரை, நாற்பதுக்கு மேல் 3 மணி வரை, இளையவர்கள் 5 மணி வரை. ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்றது. இடைவெளி காற்றில் பறந்தது. இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. பா.ம.க. வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கிலிருந்து வளர்ந்து, 2016 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்த கடைகளை 2017-ல் மூட நேர்ந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். விபத்தைக் குறைக்க வந்த நல்ல தீர்ப்பு. ஆனால் இடம் தேடிய கடைகள் குடியிருப்புகளுக்குள் நுழையப் பார்த்தன. பெண்கள் மறியல் செய்த ஊர்கள் ஏராளம். அப்படி உள்ளே போன கடைக்கு முன்னால் 500 பேர் ஆறடி விட்டு நின்றால் 3,000 அடி, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். எந்தக் குறுக்குச் சந்து அவ்வளவு நீளம்?

மே 6-ல் திறப்பைத் தடுக்க மறுத்து, ஆதார் எண்ணோடு பில், ஆளுக்கு இத்தனை பாட்டில் என்று நிபந்தனை விதித்திருந்தது சென்னை உயர் நீதிமன்றம். நீதிபதிகள் வினீத் கோத்தாரி, புஷ்பா சத்தியநாராயணா அமர்வு. நிபந்தனை மீறப்பட்டது என்று மக்கள் நீதி மய்யம் உள்ளிட்டோர் போனதும், மே 8-ல் அதே அமர்வு கடைகளை மூடச் சொன்னது. ஆன்லைனில் விற்று வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றது. அதே நாளில் டெல்லியில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றமும், வீட்டுக்கே அனுப்பும் முறையை மாநிலங்கள் பரிசீலிக்கலாம் என்றது. தமிழக அரசோ அது நடைமுறைக்கு ஒவ்வாது, மது விற்பனை அரசின் கொள்கை முடிவு என்று மேல்முறையீடு செய்து, மே 15-ல் தடை வாங்கியது. மறுநாள் டோக்கனோடு கடைகள் திறந்தன. தாம்பரத்துக்கு ஆகஸ்ட் 18-ல்தான் விடிந்தது. கடைக்கு ஒரு நாளைக்கு 500 டோக்கன், காலை 10 முதல் மாலை 7 வரை. ஏறக்குறைய ஐந்து மாதம்.

இத்தனை வழக்கிலும் நடுவில் இல்லாத ஒருவர் உண்டு: பீரைக் காய்ச்சியவர்.

பிராந்தி எத்தனை மாதம் கிடந்தாலும் கெடாது. பாட்டில் பீருக்கு ஆயுள் பொதுவாக ஆறு மாதம். ஆண்டின் பெரிய விற்பனை கோடையில்தான் என்பதால் மார்ச்சில் ஆலைகளின் தொட்டிகள் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் பூட்டு விழுந்தது. வேறு எங்காவது விற்கலாமே என்றால், முடியாது. தமிழ்நாட்டில் மொத்த விற்பனை 1983 முதலே டாஸ்மாக் கையில். 2003 நவம்பரிலிருந்து சில்லறையும் அதனிடம். லேபிளிலேயே தமிழ்நாட்டில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சாகியிருக்கும். அண்டை மாநிலத்துக்கு அனுப்ப அங்கே தனியாக லேபிள் பதிவு, தனி அனுமதி, தனி தீர்வை. சாக்கடையில் கொட்டவும் முடியாது. ஆயத்தீர்வை அதிகாரியின் அனுமதியும், கழிவுநீர் சுத்திகரிப்பும் வேண்டும். வடிசாலைகள் எரிசாராயத்தை சானிடைசராக்கிப் பிழைத்தன. ஐந்து சதவீத ஆல்கஹாலை வைத்துக்கொண்டு பீர் ஆலை அதையும் செய்ய முடியாது. பெங்களூரில் சிறு பீர் விடுதிகள் தங்கள் பீரைப் பாத்திரத்தில் பார்சல் கொடுக்கக் கர்நாடக அரசு அந்த மே மாதம் விதியைத் தளர்த்தியது. இங்கே அப்போது அப்படிப்பட்ட விடுதிக்கே அனுமதி இல்லை.

தென்னாப்பிரிக்காவும் ஊரடங்கில் மதுவைத் தடை செய்தது, ஒரு முறையல்ல, மூன்று முறைக்குமேல். அங்கே 2021 ஜனவரியில் சவுத் ஆப்பிரிக்கன் புரூவரீஸ் நிறுவனம், தடை அரசியலமைப்புக்கு விரோதம் என்று நீதிமன்றம் போனது. இந்தியாவில் அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கிறது. 1994-ல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில், மது வியாபாரம் யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மறுப்பில்லை. இந்தத் தொழிலை அரசு இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். என் கோபம் வேறு. ஒரே வாங்குபவராக இருப்பேன் என்று சட்டம் எழுதிக்கொண்ட அரசு, தானே கடையை மூடும்போது, ஆலையில் கிடக்கும் சரக்கை என்ன செய்வது, ஷிப்டு இல்லாத தொழிலாளிக்குக் கூலி யார் தருவது என்று அதே உத்தரவில் நான்கு வரி எழுதியிருக்க வேண்டாமா? 1937-ன் மதுவிலக்குச் சட்டத்தில் அப்படி ஒரு நாளுக்கான ஏற்பாடு இல்லை.

அரசின் கணக்கில் பெரிய அடி விழவில்லை. டாஸ்மாக் வழியாக 2019-20-ல் 33,133 கோடி ரூபாய், கடைகள் மூடிக் கிடந்த 2020-21-லும் 33,811 கோடி. மே 7 அன்றே குவார்ட்டருக்குப் பத்து, இருபது ரூபாய் ஏற்றியிருந்தார்கள். கவுன்ட்டரில் நின்று அந்தக் கூட்டத்தைச் சமாளித்த சேல்ஸ்மேன்களுக்கோ தொகுப்பூதியம்தான்.

2022 ஜனவரி 1-ல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. கூடுவாஞ்சேரியும் மறைமலை நகரும் இப்போது அதற்குள். நாளை இன்னொரு ஊரடங்கு வந்து, பழைய உத்தரவையே தேதி மாற்றிப் போட்டால், சென்னைக் காவல் எல்லையில் தாம்பரம் இப்போது இல்லாததால், கோடு தாம்பரத்துக்கு வடக்கே விழும். சட்டத்தில் அந்த நான்கு வரிகள் இன்னும் எழுதப்படவில்லை.

(தொடரும்)