எதிர்வீரசிங்கம் பாய்ந்த உயரம்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை வியந்து எழுதாதார் அரியர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதன்மேற் கண்வைத்த கதை பாடநூல்களில் உண்டு. அங்கே உழைத்துப் பிழைத்த தொழிலாளரின் கதையோ அத்துணை எழுதப்படவில்லை. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை விட்டகன்றபோது, நானூற்றுக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களைப் பொலன்னறுவை மாவட்டத்திற் குடியேற்ற அரசு எண்ணிற்று. அவ்வெண்ணம் ஆங்குள்ள சிங்கள மக்களிடையே சினத்தை மூட்டியது. 1958ஆம் ஆண்டுப் பெருங்கலவரத்தின் காரணங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று.

இதனை ஈண்டு நினைவூட்டுவது ஒரு விளையாட்டு வீரரின் பொருட்டு. ஆசிய விளையாட்டு விழாவிலே இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் ஈட்டித் தந்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். உயரம் பாய்தலில் அவர் வென்ற ஆண்டைக் கேட்டால் நன்கு பயின்ற மாணவர் 1958 என்று தயங்காது கூறுவர். திங்களைக் கேட்டால் விழிப்பர். டோக்கியோவில் அவ்விழா மே 24ஆந் திகதி தொடங்கி ஜூன் 1ஆந் திகதி முடிந்தது. இங்கே கலவரம் மூண்டது மே 22ஆந் திகதி. நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது 27ஆந் திகதி.

எதிர்வீரசிங்கம் 1934ஆம் ஆண்டு ஆகத்து மாதம் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்றவர். (யாழ்ப்பாணத்தை ஆண்ட எதிர்மன்னசிங்கனின் பெயரை நினைவூட்டும் பெயர் இது.) 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவிற்குச் சென்றபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். பின்பு லாஸ் ஏஞ்சலிசு நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் கல்வியும் பயிற்சியும் பெற்றார்.

அக்காலத்து உயரம் பாய்தல் இன்றைய மாணவர் காண்பது போன்றதன்று. முதுகு கீழாகக் கோலைக் கடக்கும் முறையை அமெரிக்கர் பொசுபெரி உலகறியச் செய்தது 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோவிலேதான். அதற்கு முற்பட்டோர் முகங்கீழாகவோ பக்கவாட்டிலோ கோலைக் கடந்தனர். பஞ்சணை பரவாத அந்நாளிற் பெரும்பாலும் மணற்குழியிலே விழுந்தனர். பாய்வதோடு விழுவதையும் எண்ண வேண்டியிருந்தது. இன்னொன்றும் சொல்லத்தகும். உயரம் பாய்தலில் எதிராளி மனிதனல்லன், கோல். வென்றவர்க்கும் கோல் மேலும் உயர்த்தப்படும். அவரும் ஈற்றில் அதனைத் தட்டி வீழ்த்தியே பெரும்பாலும் களத்தை விட்டு வெளியேறுவர். வெற்றியுந் தோல்வியும் இவ்வாறு ஒருவரிடத்தே ஒருங்கே காணும் ஆட்டம் வேறுண்டோ என்பது ஐயமே.

டோக்கியோவில் அவர் கடந்த உயரம் 2.03 மீற்றர், ஆறடி எட்டங்குலம். நம் வீட்டுக் கதவுநிலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் அதன் அளவு விளங்கும். அதுவரை இலங்கையர் உலக அரங்கிலே பெற்ற பெரும்புகழ், 1948ஆம் ஆண்டு இலண்டனில் டங்கன் வைற் தடைதாண்டி ஓட்டத்திற் பெற்ற வெள்ளிப் பதக்கமாம். பத்தாண்டின் பின் ஆசிய அரங்கிற் பொன் வந்தது.

வென்றவர் நாட்டுக் கொடியை ஏற்றுவது விழா வழக்கு. 1951இல் ஏற்கப்பட்ட அச்சிங்கக் கொடியின் ஓரத்தே இரு வரிகள் உள. அவற்றுட் செம்மஞ்சள் வரி தமிழரைக் குறிப்பதென்பர். டோக்கியோவில் ஒரு தமிழரின் பாய்ச்சலால் அக்கொடி உயர்ந்தது. அந்நாள்களை அடுத்தே கொழும்பில் அஞ்சியொடுங்கித் தங்கியிருந்த தமிழர் கப்பலேறி வடபாற் சென்றனர். அவர் எந்நாட்டின் பெயரால் வென்றாரோ, அந்நாட்டிலேயே அவர் இனத்தார் உயிர்க்கு அஞ்சி ஓடினர். விளையாட்டு வரலாறு எழுதுவோர் பதக்கத்தைச் சொல்லித் திங்களை மறப்பர். கலவர வரலாறு எழுதுவோர் திங்களைச் சொல்லிப் பதக்கத்தை மறப்பர். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினாலன்றி அவ்வாண்டு விளங்காது என்பது எம் கருத்து.

நாட்டின்மேற் கசப்புற்று விலகியிருந்தால் அவரைக் குறைகூறுவார் இலர். ஆயினும் 1962ஆம் ஆண்டு ஜக்கார்த்தா விழாவிலும் இலங்கைக்காகவே களமிறங்கினார். வெள்ளிப் பதக்கம் பெற்றார். பதக்கங்களுட் பொன்னையே பேசும் உலகம் இவ்வெள்ளியை எளிதிற் கடந்துவிடுகிறது. எம் மதிப்பில் இதன் எடையும் சிறிதன்று.

களத்தை விட்டபின் அவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, சியரா லியோன் முதலிய நாடுகளிற் கல்விப்பணி புரிந்தார். முதுமையில் ஈழத்தின் வட பகுதிக்குத் திரும்பிவந்து, போரினாற் சிதைந்த மைதானங்களில் இளைஞர்க்கு உயரம் பாயக் கற்பித்தார். 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், தம் எண்பத்தொன்பதாம் வயதிற் காலமானார்.